எதிலிருந்து எண்ணுவது என்று கேட்ட கோமதி

காலையில் டியூட்டி மாறும் நேரம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த செவிலிப் பிள்ளைகள் ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பீனா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராகக் கை கழுவும் தொட்டிக்குப் போவதுதான் அவர் வழக்கம். அன்று கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"சிஸ்டரே, கோமதி போயி," என்றார்.

நான் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் களியக்காவிளைக்காரி. இந்த மலையாள ஊருக்கு வேலைக்கு வந்து பாதி வாழ்க்கைக்கு மேல் ஆகிவிட்டது. மலையாளம் எனக்கு அந்நியமே இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் 'போயி' என்ற சொல் எங்கேயோ கிளம்பிப் போனாள் என்றுதான் என் காதில் விழுந்தது. "எங்க, சென்னைக்கா? அடுத்த வாரம்னுல்ல சொன்னா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற பிள்ளை என் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான், கோமதி இறந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

இதை வாசிக்கிற செவிலியர்களில் பலர் கோமதியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கு மருந்தின் அளவு பார்க்க நீங்கள் ஃபோனை எடுக்கும்போதெல்லாம், திரையில் உங்களிடம் கேள்வி கேட்பவள் அவள்தான். அந்தச் செயலியை எழுதியவள் கோமதி. அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அவளுடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்தவர். பள்ளிக்கூடம் மலையாளத்தில், வீட்டுப் பேச்சு திருநெல்வேலித் தமிழில் என்று வளர்ந்தவள். கழக்கூட்டத்தில் ஒரு நிறுவனத்தில் இன்சூரன்ஸ் கணக்குகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். டாக்டர் பீனாவும் அவளும் பள்ளியில் ஒரே வகுப்பு. பிறந்த குழந்தைகளுக்கு மருந்தும் திரவமும் எடையையும் வயதையும் பொறுத்து மாறும். கிராம் கணக்கில் எடை உள்ள குழந்தைக்கு ஒரு சின்னக் கணக்குப் பிழையும் பெரிய பிழைதான். களைத்துப்போன நேரத்தில் நாங்கள் தாளில் பெருக்கி வகுத்துக்கொண்டிருப்பதைப் பற்றி டாக்டர் அவளிடம் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே அவள் எங்கள் பிரிவின் வாசலில் வந்து நின்றாள்.

மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு காலை முழுவதும் என் பக்கத்திலேயே நின்றாள். மருந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது இதுதான்:

"அக்கா, நீங்க ஃபோன எந்தக் கையால எடுப்பிய?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் செய்து காட்டச் சொன்னபோதுதான் நானே கவனித்தேன். ஒரு கையில் சிரிஞ்ச் இருக்கும். இன்னொரு கை கிருமிநாசினியால் ஈரமாக இருக்கும். ஃபோனைத் தட்டில் வைத்து, விரலை மடக்கி, கணு மொளியால் எண்களைக் குத்துவேன். அவள் அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் வீட்டு அடுக்களையில் கையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஃபோனைக் குத்திக்கொண்டிருந்தாளாம். அவள் கணவர் முருகன் பிறகு சொல்லிச் சிரித்தார். அடுத்த முறை கொண்டுவந்தபோது எண்கள் பெரிதாக, திரையின் அடிப்பக்கத்தில் இருந்தன. புள்ளி மட்டும் இல்லை.

"புள்ளி எங்க?" என்றேன்.

"புள்ளி விட்டுப்போச்சுன்னா ஒன்றரைக் கிலோப் பிள்ளை பதினஞ்சு கிலோ ஆயிரும் அக்கா. புள்ளியே வேண்டாம். கிராமிலேயே கேப்போம்."

இன்னொரு நாள் கேன்டீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஃபோனை என் பக்கம் திருப்பினாள். எடை என்ற இடத்தில் என்னவோ நீளமான எண் இருந்தது. கீழே அதற்குரிய மருந்தின் அளவும் அழகாக வந்திருந்தது.

"ஆனைக்குட்டிக்கும் மருந்து சொல்லுது பாருங்க. கொஞ்சம்கூட வெக்கமே இல்ல," என்றாள்.

அதன் பிறகு ஓர் எல்லை வைத்தாள். அதற்கு மேல் எடை போட்டால் செயலி மறுத்துவிடும். நீரிழிவு உள்ள தாய்மாருக்குச் சில நேரம் மிகப் பெரிய குழந்தை பிறக்கும், அந்தக் குழந்தைக்கு மருந்து வேண்டுமென்றால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவள் என்னோடு பிரிவுக்குள் வந்தாள். கண்ணாடிக் கூண்டில் இருந்த ஒரு பெரிய குழந்தையை, ஓர் ஆச்சரியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செயலி மறுப்பதை நிறுத்திவிட்டது. 'இந்த எடை சரிதானா? இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தீர்களா?' என்று கேட்கத் தொடங்கியது. நீங்கள் இன்றும் பார்க்கிற அந்தக் கேள்வி அப்படி வந்ததுதான்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமானது.

செயலியைச் சில மருத்துவமனைகளில் பரிசோதனையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த காலம். பொன்முடி அடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே செல்வி என்று ஒரு செவிலி. மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். எங்கள் பிரிவில் தேறிய ஒரு குழந்தையை, தாய் வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அவர்களிடம் அனுப்பியிருந்தோம். ஊசி மருந்து இன்னும் சில நாள் போடவேண்டியிருந்தது. மறுநாள் முற்பகலில் செல்வி என்னை அழைத்தாள்.

"சிஸ்டர், உங்க சீட்டுல நேத்து ஆறாம் நாள்னு இருக்குது. அப்ப இன்னிக்கு ஏழு. ஆனா நாங்க எண்ணிப் பாத்தா இன்னிக்கு எட்டாம் நாள் வருது. ஆப்ல ஏழு போட்டா ரெண்டு வேளை ஊசின்னு சொல்லுது, எட்டு போட்டா மூணு வேளைன்னு சொல்லுது. நான் எதப் போட?"

குழந்தை பிறந்த நாளை எங்கள் டாக்டர்கள் அந்தச் சீட்டில் பூஜ்யமாக எண்ணியிருந்தார்கள். செல்வியின் மருத்துவமனையில் அதை ஒன்று என்று எண்ணியிருந்தார்கள். அந்த மருந்து முதல் ஏழு நாள் வரை ஒரு கணக்கு, அதற்குப் பிறகு வேறு கணக்கு. டாக்டர் பீனா ஃபோனை வாங்கி, குழந்தை பிறந்த நேரத்தைக் கேட்டு, இன்னும் ஏழு நாள் நிறையவில்லை, இரண்டு வேளையே போதும் என்று செல்வியிடம் சொன்னார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்வி சந்தேகப்பட்டுக் கேட்டதால் கூடுதல் ஊசி போடப்படவில்லை. எனக்கு விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது.

கோமதிக்கு முடியவில்லை. நான் சொல்லக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நம்ம வார்டுல எப்பிடி எண்ணுதிய?" என்றாள். பூஜ்யம் என்றார் டாக்டர். நான் ஒன்று என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு குழந்தையின் கோப்பை எடுத்துப் பார்த்தோம். டாக்டர்கள் எழுதும் பக்கத்தில் ஒரு நாள், செவிலியர் எழுதும் பக்கத்தில் ஒரு நாள் கூடுதல். இரண்டும் ஒரே நூலில் கட்டியிருந்தன. எல்லோருக்கும் பழகிவிட்டதால் யாருக்கும் அது கண்ணில் பட்டதில்லை.

அடுத்த சில நாட்கள் அவள் அந்த ஒரே கேள்வியோடு ஊரைச் சுற்றினாள். கிழக்கேகோட்டையில் சடங்குகள் செய்துவைக்கும் ஒரு வாத்தியாரைப் போய்ப் பார்த்தாள். "விடியறதுக்கு முன்னாடி பொறந்தா அது முந்தின நாள் கணக்கும்மா. சூரியன் வந்தாத்தானே நாள்?" என்றாராம் அவர். எங்கள் பிரிவுக்கு வெளியே காத்திருந்த ஒரு மலையாளித் தாயிடம் கேட்டாள். குழந்தைக்கு அரைஞாண் கட்டுவது இருபத்தெட்டாம் நாள். பிறந்த நட்சத்திரம் திரும்பி வரும் நாள் அது. பிறந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவோம் என்றாள் அந்தத் தாய். விழிஞ்ஞத்திலிருந்து வந்த இன்னொரு தாய் நாளே எண்ணவில்லை. குழந்தை பிறந்து இரண்டு ஞாயிறு கழிந்தது என்று மட்டும் சொன்னாளாம்.

இதையெல்லாம் கேன்டீனில் உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளை மாதிரி இருந்தாள்.

"யாருமே தப்பா எண்ணல அக்கா. எல்லாரும் ஒழுங்காத்தான் எண்ணுதாவ. ஒருத்தர் தொடங்குற இடத்துல இன்னொருத்தர் தொடங்கல, அவ்வளவுதான்."

ஆனால் அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஒரு சிக்கல் வந்தது. செயலியைத் திறந்துவைக்க விழா ஏற்பாடாகியிருந்தது. சுகாதாரத் துறையின் பெரிய அதிகாரி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பேனர் அச்சாகிவிட்டது. அந்த வாரத்தில்தான் கோமதி டாக்டர் பீனாவின் அறைக்கு வந்து, செயலியை எல்லா ஃபோன்களிலிருந்தும் எடுத்துவிடவேண்டும் என்றாள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது மலையாளத்தில். நான் அதை என் தமிழில் எழுதுகிறேன்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லையே. பிறந்த நாளைப் பூஜ்யமாக எண்ணவும் என்று கீழே ஒரு குறிப்புப் போடு. போதும்."

"குறிப்பை யார் வாசிப்பார்கள், பீனே?"

"செயலி இல்லாவிட்டால் தப்பே நடக்காதா? பழையபடி தாளில் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். அதில் இதைவிட அதிகம் தப்பு வரும். இது உனக்குத் தெரியாதா?"

அது உண்மை. கோமதிக்கும் தெரியும்.

"தாளில் வரும் தப்பு ஒரு ஆளுக்கு, ஒரு தடவை வரும். இது நான் ஒரே தப்பைக் கொண்டுபோய் எல்லார் ஃபோனிலும் வைப்பது. தாளில் எழுதியதைப் பார்த்தால் சந்தேகம் வரும். ஃபோன் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. செல்விக்கு வந்தது. எல்லாரும் செல்வியா?"

டாக்டர் விடவில்லை. "சரி, அந்த மருந்தை மட்டும் எடுத்துவிடு. மற்றது இருக்கட்டும். குழந்தைக்குத் தினமும் எவ்வளவு திரவம் கொடுக்கவேண்டும் என்ற கணக்கு இருக்கிறதே, அதுதான் செவிலியர்களுக்கு ரொம்ப உதவி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். திரவத்தின் அளவும் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று நாள் கணக்கில்தான் ஏறும். கோமதி சொல்வதற்கு முன்னால் அது அவருக்கே புரிந்துவிட்டது. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்தச் செயலிக்காக எத்தனை அலுவலகங்களில் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"ஆயிக்கோட்டே. எடுத்துக் கள," என்றார். சரி, எடுத்துவிடு என்று அர்த்தம்.

கோமதி எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். பிறகு அவரே அதைப் பிடித்துக்கொண்டார்.

விழாவை நிறுத்த முடியவில்லை. அதிகாரி வந்தார். தாய்மார் காத்திருக்கும் கூடத்தில் அப்போதுதான் குடிநீர் இயந்திரம் ஒன்று மாட்டியிருந்தார்கள். செயலிக்குப் பதிலாக அதை அவர் திறந்துவைத்தார். பச்சிளங்குழந்தைகளின் எதிர்காலம் பற்றி நன்றாகவே பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவள் கோமதி. விழா முடிந்ததும் முதல் டம்ளர் தண்ணீரைப் பிடித்து டாக்டர் பீனாவிடம் நீட்டினாள். "குடி. நல்ல தண்ணி. இதுல நாள் கணக்கு ஒண்ணும் கிடையாது," என்றாள். அதற்கு முந்தைய சில நாட்கள் அவளோடு சரியாகப் பேசாமல் இருந்த டாக்டர், அன்றுதான் சிரித்தார்.

பிறகு பல மருத்துவமனைகளின் டாக்டர்களைக் கூட்டி ஒரு நாள் உட்காரவைத்தார்கள். மருந்துப் பட்டியலில் 'ஏழு நாள்' என்று போட்டிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாத்தியார் சொன்னதையும் விழிஞ்ஞத்துத் தாய் சொன்னதையும் கோமதி எழுந்து சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு தங்கள் பழக்கத்தை விட்டுக்கொடுப்பது அவர்களுக்கு எளிதாக இருந்ததென்று நினைக்கிறேன். எத்தனையாவது நாள் என்று இனிச் செயலி யாரிடமும் கேட்காது. பிறந்த தேதியையும் நேரத்தையும் மட்டும் கேட்கும். நிறைந்த நாட்களை அதுவே எண்ணிக் காட்டும் என்று முடிவானது. "கணக்கு எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு. நாமதான் தப்பான கேள்வி கேட்டுட்டு இருந்தோம்," என்றாள் கோமதி.

புதிய செயலியை முதலில் செல்வியிடம்தான் கொடுத்துப் பார்த்தாள். பொன்முடி அடிவாரத்துக்குப் பஸ் பிடித்துப் போனாள். திரும்பி வரும் பஸ்ஸைத் தவறவிட்டு செல்வியின் லயத்து வீட்டில் தங்கிவிட்டாள். மறுநாள் வந்தவள் செயலியைப் பற்றிப் பேசியதைவிட, பறித்த இலையை நிறுக்கும்போது மழை ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், அதை யார் தீர்மானிப்பது என்று பேசியதுதான் அதிகம்.

அதன்பின் அவளுக்கு நோய் வந்தது. புற்றுநோய் என்று தெரிந்த பிறகு சிகிச்சைக் காலம் முழுவதும் அலைச்சல்தான். ஒரு மத்தியானம் நான் பார்க்கப் போயிருந்தேன். கையில் ஊசி குத்தி, மருந்துப் பைக்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"என் உடம்போட பரப்பளவு வெச்சுத்தான் மருந்து குடுக்காவளாம் அக்கா. தோலை அளக்காமலே அத எப்பிடிக் கண்டுபிடிச்சாவ?"

அங்கே நின்ற இளம் செவிலி, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போடுவோம் என்றாள். எந்த நாள் எடை என்று கோமதி கேட்டாள். சேர்ந்த அன்றைக்கு உள்ளது என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு ஒரு கணம் கோமதியின் மெலிந்த கைகளைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் சேச்சி," என்று போய், எடை பார்க்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

முருகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "பேசாம படுத்திரேன். அவங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும். கேட்டாத்தான் தெரிஞ்சது ஞாபகம் வரும்."

அன்று மருந்து வரத் தாமதமானது. அங்குள்ள டாக்டர் வந்து புது எடையைப் பார்த்து அளவைக் குறைத்திருந்தார். பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் எடை குறைந்தாலும் நாங்கள் பிறந்த எடையை வைத்துத்தான் கணக்குப் போடுவோம், ஏனென்றால் குறைவது பெரும்பாலும் நீர்தான் என்று நான் சொன்னேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவள், நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள்.

"பயமாத்தான் இருக்கு அக்கா. ஆனா என்ன நடக்கும்னு பாக்கவும் ஆசையா இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்குமா?"

இருக்கும் என்றேன். குறைமாதத்தில் பிறந்த தன் குழந்தையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் முதன்முறை பார்க்கவரும் தாயின் முகத்தில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் தடவிக்கொடுத்தேன். அழாமல் வெளியே வந்துவிட்டேன்.

கடைசியாக அவளைப் பார்த்தது கரமனையில் அவள் வீட்டில். பேசினால் மூச்சு வாங்கியது. சென்னையில் இன்னொரு டாக்டரைப் பார்க்கப்போவதாக முருகன் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. குறைமாதக் குழந்தைகளின் கூண்டை நாங்கள் துணியால் மூடிவைப்போமே, அது எதற்கு என்று கேட்டாள். வெளிச்சம் படாமல் நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் என்றேன்.

"வயித்துக்குள்ள இருட்டுதானே அக்கா. வெளிய வந்த பிறகு நீங்க துணியைப் போட்டு மூடினா, அதுக்கு அந்த இருட்டு தெரியுமா? தெரிஞ்சா, வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குமா, பயந்துபோகுமா?"

வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கிக்கொள்ளும், அது தெரியும். இருட்டைப் பற்றித் தெரியாது என்றேன். "பாத்துச் சொல்லுங்க," என்றாள். சரி என்றேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். டாக்டர் பீனாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ கூண்டுகளை மூடியிருக்கிறேன். மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். இப்போது மூடும்போது ஒரு ஓரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். இன்று காலை, மாதம் நிறையாமல் பிறந்த ஒரு பெண் குழந்தை. துணி மெல்ல இறங்கியபோது நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. மூடியிருந்த கைவிரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அது இருட்டாலா, என் கை நிழலாலா, தூக்கத்தில் தானாக நடந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. நாளைக்கும் பார்க்கவேண்டும்.